காட்டுத் திட்டத்தில் மக்களைக் கேட்பது: எப்போது, யாரை, எவ்வளவு தூரம்?

வேங்கைநிழல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஒரு காட்டுப் பகுதிக்கு அடுத்த பத்தாண்டு மேலாண்மைத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. வரைவுக் குழுவில் துறைக்கு வெளியிலிருந்து சேர்க்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். "மக்கள் பங்கேற்பு" என்ற அத்தியாயம் என் தலையில் விழுந்திருக்கிறது. இதுவரை பேசப்பட்டது இவ்வளவுதான்: வரைவு முடிந்ததும் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, நாலு புகைப்படம், எல்லாம் பின்னிணைப்பில்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக எதைச் சொல்வது என்றும் தெளிவாகத் தெரியவில்லை. மேய்ப்பவர்கள், தேனும் விறகும் எடுப்பவர்கள், மரம் ஏலம் எடுப்பவர்கள், சுற்றுலா நடத்துபவர்கள், பறவை பார்க்க வருபவர்கள், கீழே அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கும் நகரத்துக்காரர்கள் என்று ஆளுக்கொரு தேவை இருக்கிறது. எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் சண்டைதான் மிஞ்சும் என்கிறார்கள் குழுவில். அனுபவம் உள்ளவர்கள், படித்தவர்கள் சொல்லுங்கள்.

கூகை

வரைவு முடிந்த பிறகு கூட்டம் என்றால், வீட்டைக் கட்டி முடித்துவிட்டு வாசல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று கேட்கிற கதை. யாராவது நல்ல யோசனை சொன்னாலும் சுவரை இடிக்கப் போவதில்லை.

அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். அடிப்படி வெறும் ஏய்ப்பு, உச்சிப்படி மக்களின் முழுக் கட்டுப்பாடு. கருத்துக் கேட்பு நான்காவது படியில் வருகிறது. அதையும் அவர் ஒப்புக்குச் செய்கிற பங்கேற்பு என்ற பிரிவில்தான் சேர்த்தார், ஏனென்றால் கேட்டவர் கேட்டபடி நடக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் அந்தப் படியில் கிடையாது. உங்கள் குழு அந்த நான்காவது படிக்குக்கூட வரவில்லை.

ஓய்வுபெற்ற சரகர்

ஏணி, படி எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. காட்டில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தேக்குத் தோட்டத்தில் ஒரு சுழற்சி முடிய ஐம்பது, அறுபது ஆண்டு ஆகும். நட்டவர் ஒருவர், நெருக்கம் குறைக்க இடையிடையே மரங்களைக் கழித்தவர் வேறொருவர், வெட்டுபவர் மூன்றாமவர். கூட்டத்துக்கு வருபவர் அடுத்த பருவத்தைப் பற்றித்தான் பேசுவார், அதில் தப்பில்லை, அவர் பிழைப்பு அது. ஆனால் அறுபது ஆண்டுக் கணக்கை யார் பார்ப்பது?

இன்னொன்று. கோடைக்கு முன்னால் கட்டுப்படுத்திய தீ வைத்துச் சருகைக் குறைக்க வேண்டிய காடுகள் உண்டு. புகையைப் பார்த்ததும் "காட்டை எரிக்கிறார்கள்" என்று புகார் பறக்கும். அதை வாக்கெடுப்புக்கு விடச் சொல்கிறீர்களா? காட்டுக்கு என்ன தேவை என்பதைக் கைதூக்கி முடிவு செய்ய முடியாது. சத்தமாகப் பேசுபவர் பெரும்பாலும் அந்தக் காட்டுக்குள் கால் வைக்காதவராக இருப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீர்ப்பிடிப்பு

சரகர் ஐயா, தீயைப் பற்றி நீங்களே எடுத்துக்கொடுத்தீர்கள், அதிலிருந்தே வருகிறேன்.

அமெரிக்க வனப்பணி 1935இல் ஒரு கொள்கை வைத்தது. எந்தத் தீயானாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைத்துவிட வேண்டும். எழுபதுகள் வரை அது நீடித்தது. கலிஃபோர்னியாவில் கரூக், யூரோக் போன்ற பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாகச் சிறு தீ வைத்துக் காட்டைப் பராமரித்து வந்தவர்கள். அதைக் குற்றமாக்கினார்கள். காட்டுத் தரையில் எரியக்கூடிய சருகும் புதரும் சேர்ந்துகொண்டே போனது, பின்னால் வந்த தீக்கள் அடங்காத அளவுக்குப் பெரிதானதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று அதே பழங்குடிகளோடு சேர்ந்து எரித்தல் திட்டம் போடுகிறார்கள். ஆக, புகையைப் பார்த்து அலறுபவர் மட்டும்தான் பொதுமக்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தீயைப் பற்றித் துறையைவிட அதிகம் தெரிந்தவரும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம்.

நிபுணர்களிடமே முழுக்க விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே உதாரணம் இருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் மோனோங்கஹேலா, மொன்டானாவின் பிட்டர்ரூட் தேசியக் காடுகளில் சரிவு சரிவாக மொட்டையடித்து வெட்டினார்கள். வனவியல் கணக்குப்படி அது அவர்களுக்குச் சரியாகவே பட்டது. மக்கள் கொதித்தார்கள், வழக்குப் போட்டார்கள். 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இப்படி வெட்டவே கூடாது என்று தீர்ப்பளித்தது. அதன் விளைவுதான் 1976ஆம் ஆண்டின் தேசியக் காடுகள் மேலாண்மைச் சட்டம். ஒவ்வொரு காட்டுக்கும் திட்டம் வேண்டும், அதைத் தயாரிக்கும்போதே பொதுமக்களைச் சேர்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. யாரோ தாராள மனசோடு கொடுத்த சலுகை இல்லை, தோற்றுப்போன பிறகு வந்த சட்டம்.

வாக்கெடுப்பு பற்றி: யாரும் வாக்கெடுப்புக் கேட்கவில்லை. கேள்விகளை இரண்டாகப் பிரியுங்கள். "இந்தச் சரிவில் வெட்டினால் மண் எவ்வளவு அரிக்கும்?" என்பது அளந்து பார்க்க வேண்டியது. "அந்த அளவு அரிப்பு, வருகிற மரத்துக்கு ஈடாகுமா?" என்பது அளந்து வருகிற பதில் இல்லை, யாருக்கு எது முக்கியம் என்பதைப் பொறுத்தது. இரண்டாவது வகைக் கேள்வியையும் நிபுணரே தனியாக முடிவு செய்துவிட்டு, முதல் வகைப் பதில்போலக் காட்டும்போதுதான் தகராறு வருகிறது. நான் பார்த்த முக்கால்வாசி காட்டுச் சண்டைகளின் வேர் இதுதான்.

ஓய்வுபெற்ற சரகர்

தீ விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்க முடியாது. ஆனால் நடைமுறையில் அந்தக் கோட்டைக் கிழிப்பது நீங்கள் நினைக்கிற மாதிரி சுலபமில்லை. "எத்தனை ஆடு வரை தாங்கும்" என்பது அளக்கக்கூடியது என்றுதான் நினைப்போம். எந்த ஆண்டு மழையை வைத்து அளப்பது என்று கேட்டதும் சண்டை திரும்ப ஆரம்பிக்கும்.

நீர்ப்பிடிப்பு

சரிதான். அதனால்தான் அளக்கிற வேலையையும் சேர்ந்தே செய்யச் சொல்கிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்தது இதற்குப் பொருத்தமான கதை.

1993இல் கிளாயகுவாட் சவுண்ட் என்ற கடலோரப் பகுதியில் பழங்காடு வெட்டுவதை எதிர்த்துச் சாலை மறித்தவர்களில் 800க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அடுத்த மோதல் வடக்கே, இப்போது கிரேட் பேர் மழைக்காடு என்கிற கடலோரப் பகுதியில். வெளிநாட்டு வாங்குவோர் பின்வாங்கத் தொடங்கியதும் மரக் கம்பெனிகளும் சூழல் அமைப்புகளும் ஓர் இடைக்கால ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கம்பெனிகள் சில பள்ளத்தாக்குகளில் வெட்டை நிறுத்த வேண்டும், சூழல் அமைப்புகள் வாங்குவோரிடம் செய்துவந்த சந்தைப் பிரசாரத்தை நிறுத்த வேண்டும். பிறகு எல்லாத் தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒரு கூட்டு அறிவியல் குழுவை அமைத்தார்கள். ஆளுக்கொரு நிபுணரைக் கொண்டுவந்து மோதவிடாமல், ஒரே தரவின்மேல் பேரம் பேசினார்கள். 2006இல் பெரிய ஒப்பந்தம், 2016இல் இறுதி வடிவம். சுமார் 64 லட்சம் ஹெக்டேர் பரப்பில், காட்டில் 85 விழுக்காடு வணிக வெட்டுக்கு அப்பாற்பட்டது. மீதியில் வெட்டலாம், அதற்கும் கடுமையான விதிகள்.

எவ்வளவு காலம் பிடித்தது என்று கவனியுங்கள். வேங்கைநிழலின் குழு இதை ஒரு பிற்பகல் கூட்டத்தில் முடிக்கப் பார்க்கிறது.

ஓலைக்குடிசை

ஒரு பிற்பகல்கூட இல்லை. தலைமை உரை, வரவேற்புரை, நன்றியுரை போக எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போடுங்கள்.

சட்டப்பொறி

நீர்ப்பிடிப்பு சொன்ன கதையில் ஒன்று விடுபட்டுப்போனது. அந்தக் கடலோரத்தின் முதற்குடிகள் (கனடாவின் பழங்குடி மக்கள்) மற்றவர்களோடு மேஜையைச் சுற்றி உட்கார்ந்த இன்னொரு தரப்பு இல்லை. தனி அரசுகளாக மாகாண அரசோடு நேருக்கு நேர் பேசினார்கள். மேஜையில் உருவான பரிந்துரைகள் அதன் பிறகுதான் முடிவாயின.

வேங்கைநிழல், உங்கள் பட்டியலில் தேன் எடுப்பவரும் பறவை பார்ப்பவரும் ஒரே வரியில் இருக்கிறார்கள். ஒருவருக்கு அந்தக் காடு சட்டப்படியான உரிமை, இன்னொருவருக்கு விருப்பம். இருவரையும் கேட்கலாம், ஆனால் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 2007ஆம் ஆண்டு ஐ.நா. பழங்குடியினர் உரிமைப் பிரகடனம், அவர்களுடைய நிலத்தைப் பாதிக்கும் திட்டங்களுக்கு முன்கூட்டிய, முழுத் தகவலுடன் கூடிய, நிர்ப்பந்தமற்ற சம்மதம் பெற முயல வேண்டும் என்கிறது. கருத்துக் கேட்பதும் சம்மதம் பெறுவதும் வேறு வேறு வேலைகள்.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், சமூக வன வளத்தைப் பாதுகாக்கவும் மேலாண்மை செய்யவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. உச்சநீதிமன்றம் 2013 ஏப்ரலில் ஒடிசாவின் நியாம்கிரி மலை பற்றிய வழக்கில், பாக்சைட் சுரங்கம் அங்கே வாழும் பழங்குடி மக்களின் சமய, பண்பாட்டு உரிமைகளைப் பாதிக்குமா என்று கிராம சபைகளே பார்க்கட்டும் என்றது. மாநில அரசு பன்னிரண்டு ஊர்களை மட்டுமே தேர்ந்தெடுத்தது, அதற்கே ஆட்சேபணை எழுந்தது. அந்தப் பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. அது சுரங்க வழக்கு, காட்டுத் திட்டம் இல்லை, தெரியும். ஆனால் "இல்லை" என்ற பதிலும் ஏற்கப்படும் என்ற நிலை இருக்கும்போது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற சரகர்

ஒவ்வொரு ஊருக்கும் இப்படித் தடுக்கும் அதிகாரம் கொடுத்தால் ஆற்றுக்கு மேலே இருக்கிறவர் முடிவு, கீழே இருக்கிறவர் தலையில் விழும். இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

சட்டப்பொறி

இப்போது யாருடைய முடிவு யார் தலையில் விழுந்துகொண்டிருக்கிறது, ஐயா?

மேய்ச்சல்வெளி

நீங்கள் இருவரும் உச்சநீதிமன்றம்வரை போய்விட்டீர்கள். நான் கூட்டம் நடக்கிற அறைக்குத் திரும்புகிறேன். அங்கே யார் இல்லை என்று பாருங்கள்.

காட்டை அடிக்கடி உபயோகிப்பவர்கள் பெண்கள். விறகு, தழை, காளான், கிழங்கு எல்லாம் அவர்கள் வேலை. எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். கூட்டமோ அவர்கள் காட்டில் இருக்கிற நேரத்தில் நடக்கும், அல்லது அடுப்படியில் இருக்கிற நேரத்தில். வந்தாலும் பின்வரிசை. தெற்காசியாவில் 1990க்குப் பிறகு வந்த கூட்டு வன மேலாண்மைக் குழுக்களில் பல ஊர்களில் ஒரே மாதிரி நடந்தது. குழு கூடிக் காட்டை மூடுவது என்று முடிவெடுக்கும். காடு தழைக்கும், பாராட்டு வரும். விறகுக்கு இன்னும் தூரம் நடந்தவர்கள் அந்தக் குழுவில் இருந்ததில்லை. பொருளியலாளர் பினா அகர்வால் இந்தியாவிலும் நேபாளத்திலும் இதைப் பல ஆண்டு ஆராய்ந்தவர். செயற்குழுவில் பெண்கள் அதிகம் இருந்த இடங்களில் காட்டின் நிலையும் மேம்பட்டிருந்ததை அவர் காட்டினார். ஆக இது நியாயம் மட்டும் அல்ல, காட்டுக்கும் நல்லது.

எண்ணிக்கையைச் சட்டத்தில் எழுதிவைப்பது முதல் வேலை. வன உரிமை விதிகளில் 2012 திருத்தத்துக்குப் பிறகு கிராம சபைக்குப் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நேபாளத்தில் 1993ஆம் ஆண்டு வனச் சட்டம் (2019இல் அதற்குப் பதில் புதுச் சட்டம் வந்தது) வழிவகுத்த சமூகக் காட்டுப் பயனர் குழுக்கள் 22,000க்கும் மேல் இருக்கின்றன. திட்டத்தைக் குழுவே தயாரிக்கும், வன அலுவலகம் ஒப்புதல் தரும். 2009ஆம் ஆண்டு வழிகாட்டி செயற்குழுவில் பாதி இடம் பெண்களுக்கு என்றது. அங்கேயும் நிலமுள்ளவர்கள், மேல்சாதியினர் கை ஓங்குவது பற்றிய புகார் இன்றுவரை ஓயவில்லை. எண்ணிக்கை வந்தால் போதாது, ஆனால் அது இல்லாமல் எதுவும் தொடங்குவதில்லை.

பருவத்துக்கு வந்து போகும் மேய்ப்பர்களை மறந்துவிடாதீர்கள். ஆண்டில் சில வாரம்தான் அந்தக் காட்டில் இருப்பார்கள். அந்த வாரங்களில் ஒருமுறையாவது அவர்கள் தங்குமிடத்துக்கு நீங்கள் போய்க் கேட்க வேண்டும். அவர்களுக்கு எந்த ஊர் வாக்காளர் பட்டியலிலும் பெயர் இருக்காது. அப்புறம், நாள் கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு அந்த நாளுக்கான ஈட்டைத் திட்டச் செலவில் போடுங்கள். மேஜையில் உட்காரும் அதிகாரிக்குச் சம்பளம் உண்டு, தொண்டு நிறுவனக்காரருக்கும் உண்டு. எதிரில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் சொந்தச் செலவில் வந்திருக்கிறார்.

கூகை

மேய்ச்சல்வெளி சொன்னதற்கு நேர்மாறான பிரச்சினையும் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் ஒத்துப்போய்விட்டால் போதுமா?

கலிஃபோர்னியாவின் குவின்சி ஊரில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மரக் கம்பெனி ஆட்களும் உள்ளூர்ச் சூழல் ஆர்வலர்களும் மாவட்டப் பிரதிநிதிகளும் பேச உட்கார்ந்தார்கள். நூலகத்தில் கூடினார்கள், அங்கே யாரும் கத்த முடியாது என்பதற்காகவாம். குவின்சி நூலகக் குழு என்றே பெயர் நிலைத்தது. ஒன்றுபட்டு ஒரு திட்டமும் தயாரித்தார்கள், 1998இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைச் சட்டமாகவே ஆக்கியது. ஆனால் நாடளாவிய சூழல் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. "இது தேசியக் காடு, ஓர் ஊர்க்காரர்கள் மட்டும் பேசி முடிப்பதற்கில்லை" என்பது அவர்கள் வாதம். வழக்குகளிலும் மறுப்புகளிலும் சிக்கி, திட்டமிட்டதில் பெரும்பகுதி நடக்கவே இல்லை.

எனக்கு இரு பக்கமும் நியாயம் இருப்பதாகப் படுகிறது. சரகர் கேட்ட ஆற்றுக் கேள்வியும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

நீர்ப்பிடிப்பு

தொலைவில் இருப்பவர்களுக்கு அக்கறை இல்லை என்று நினைத்துத் திட்டம் போட்ட அரசுகளும் அடி வாங்கியிருக்கின்றன. இங்கிலாந்தில் பொதுக் காடுகளை விற்கவும் கைமாற்றவும் போவதாக அரசு அறிவித்தபோது, எதிர்ப்பு மனுவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 2011 பிப்ரவரியில் அரசு கைவிட்டது. பிறகு ஒரு சுதந்திரக் குழு அமைத்து மறுபடி முதலிலிருந்து கேட்டார்கள். முதலிலேயே கேட்டிருக்கலாம்.

வரைகோல்

நடைமுறை யோசனை ஒன்று. கூட்டத்தில் மைக்கைக் கொடுத்துக் கருத்துக் கேட்காதீர்கள். பெரிய வரைபடத்தை விரித்து, பேனாவைக் கொடுங்கள். "காட்டைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்றால் உரை வரும். "எந்த இடத்தில் மாடு தண்ணீர் குடிக்கும்" என்றால் புள்ளி வரும்.

சுவீடனில் சாமி மக்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து கலைமான் மேய்ச்சல் திட்டங்களைத் தாங்களே தயாரிக்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தின்மேல் மேய்ச்சல் நிலம், வலசைப் பாதை, குளிர்காலத்தில் மான் தின்னும் லைக்கன் (பாசிபோலப் படரும் உயிரி) வளரும் காடு எல்லாவற்றையும் குறிப்பார்கள். மரம் வெட்டும் நிறுவனத்தோடு பேசப் போகும்போது அந்த வரைபடம் மேஜையில் இருக்கும். முன்பு வாய்வார்த்தை என்று தள்ளியதை இப்போது அப்படித் தள்ள முடிவதில்லை. முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். கலந்தாலோசனை முடிந்தும் வெட்டு நடந்த இடங்கள் நிறைய, தடுக்கும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லை.

ஓர் எச்சரிக்கை: வரைபடத்தில் எல்லாவற்றையும் போட்டுவிடாதீர்கள். தேன்பாறை, மூலிகை, கோயில் இடம், அரிய பறவைக் கூடு எல்லாம் ஒருமுறை பொதுப் படத்தில் ஏறிவிட்டால் திரும்ப இறக்க முடியாது. குறித்தவர்களிடமே அந்த அடுக்கு இருக்கட்டும்.

வேங்கைநிழல்

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதிவுகளில் சிலவற்றைக் குழுவில் படித்துக்காட்டினேன். ஒருவர் கேட்ட கேள்வி: "ஆயிரம் கருத்து வந்தால் ஆயிரத்தையும் ஏற்க முடியுமா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

நீர்ப்பிடிப்பு

ஏற்க வேண்டாம். பதில் சொன்னால் போதும்.

சுற்றுச்சூழல் முடிவுகளில் மக்கள் பங்கேற்பு பற்றிய 1998ஆம் ஆண்டு ஆர்ஹூஸ் உடன்படிக்கையில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. எல்லா வாய்ப்புகளும் திறந்திருக்கும்போதே மக்களைச் சேர்க்க வேண்டும் என்பது ஒன்று. வந்த கருத்துகளை உரிய முறையில் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஐரோப்பாவுக்காக எழுதியது என்றாலும் அந்த வரிசை எங்கேயும் பொருந்தும். அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டு விதிப்படி, திட்ட வரைவுக்குக் கருத்துச் சொல்ல 90 நாள். பிறகு இறுதி முடிவுக்கு முன்பே ஆட்சேபணை தெரிவிக்க ஒரு கட்டம். முன்பு பொருளுள்ள கருத்துச் சொன்னவர்தான் பெரும்பாலும் அதில் ஆட்சேபிக்க முடியும். கருத்துகளை எண்ணிப் பார்த்து வாக்குபோல நடத்துவதில்லை. வகைப்படுத்திப் பதில் எழுதுவார்கள். சாலையில்லாக் காட்டுப் பகுதிகள் பற்றிய 2001ஆம் ஆண்டு விதிக்கு 600 கூட்டங்கள் நடந்தன, சுமார் 16 லட்சம் கருத்துகள் வந்தன. பெரும்பாலானவை ஒரே அச்சில் அடித்த கடிதங்கள். அத்தனைக்கும் தனித்தனியாக எழுதவா முடியும்? ஒரே விஷயத்தைச் சொன்னவர்களுக்கு ஒரே பதில்.

உங்கள் அத்தியாயத்தில் ஓர் அட்டவணை மட்டும் கட்டாயம் இருக்கட்டும். என்ன சொன்னார்கள், அதனால் திட்டத்தில் எந்தப் பக்கம் மாறியது, மாறவில்லை என்றால் ஏன். அந்த மூன்றாவது நெடுவரிசையை எழுதத்தான் கை வராது. "துறையின் கொள்கைக்கு உட்பட்டுப் பரிசீலிக்கப்படும்" என்று எழுதினால் செல்லாது என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

மேய்ச்சல்வெளி

அந்த அட்டவணையை இணையத்தில் ஏற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று உட்காராமல், கேட்ட ஊரிலேயே போய்ப் படித்துக்காட்டவும்.

ஓய்வுபெற்ற சரகர்

சட்டப்பொறியோடு என் வழக்கு இன்னும் தீரவில்லை, அது இருக்கட்டும். வேங்கைநிழலுக்கு ஒரு யோசனை. முதல் கூட்டத்துக்கு வரைவை எடுத்துப் போகாதீர்கள். போன பத்தாண்டுத் திட்டத்தை எடுத்துப் போங்கள். எவ்வளவு நட்டோம், எவ்வளவு பிழைத்தது, எவ்வளவு வெட்டத் திட்டமிட்டோம், எவ்வளவு வெட்டினோம், தீத்தடுப்புக் கோடு எத்தனை தூரம் உண்மையில் போட்டோம். இதை வைத்துப் பேச்சை ஆரம்பித்தால் வெறும் உரை குறையும். ஒவ்வொரு நடவும் எங்கே செத்தது என்று அந்த ஊர்க்காரருக்குத் தெரியும், உங்கள் கணக்கை அங்கேயே சரிபார்த்துவிடுவார். எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை.

கூகை

ஐயா, இதைத்தான் நான் முதல் பதிவிலேயே எதிர்பார்த்தேன். அந்தக் கணக்கு வெளியாட்களுக்குக் கிடைக்குமா?

ஓய்வுபெற்ற சரகர்

வேங்கைநிழல் குழு உறுப்பினர், எழுத்தில் கேட்டால் மறுக்க முடியாது. கூப் (வெட்டுக்கெனப் பிரித்த காட்டுத் துண்டு) வாரியாக, ஆண்டு வாரியாகக் கேட்கச் சொல்லுங்கள். மொத்தமாகக் கேட்டால் மொத்தத் தொகையைத் தந்து அனுப்பிவிடுவார்கள்.

வேங்கைநிழல்

சரி ஐயா. நடவுப் பதிவேடுகளையும் சேர்த்துக் கேட்டு இந்த வாரமே கடிதம் கொடுக்கிறேன். கிடைத்ததை இங்கே பதிகிறேன்.